பாட்டிலில் அடைத்த தேதியைக் கொஞ்சம் சொல்லுங்கள்

விஸ்கி வடிப்பவர்களுக்கும், கலப்பவர்களுக்கும், பாட்டிலில் அடைப்பவர்களுக்கும், முக்கியமாக லேபிளில் கதை எழுதும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் சரக்கை இருபது வருஷத்துக்கும் மேலாக ரசித்து வருகிறவன் நான். குடிப்பது கொஞ்சம், சேர்த்து வைப்பது அதிகம். வீட்டில் ஓர் அலமாரி முழுக்க உங்கள் கைவேலைதான். ஆகவே இதை எதிரியின் கடிதமாக நினைக்க வேண்டாம். கோபமாக இருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு பாட்டிலைத் திறந்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நானும் ஒரு நண்பரும் பாதிப்பாதி பணம் போட்டு வாங்கியது. அவர் ஓய்வுபெறும் நாளில் திறப்பதாகப் பேச்சு. நல்ல சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி), ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தது. நீங்கள் கொடுத்த மரப்பெட்டியை இழைத்திருந்த அழகைப் பார்த்தால் நகைப்பெட்டி தோற்றுப்போகும். உள்ளே நீல வெல்வெட். அந்த வெல்வெட்டில் பாட்டில் படுப்பதற்கென்றே அளவெடுத்து ஒரு பள்ளம். நாங்களும் அப்படியே படுக்க வைத்தோம். ஒன்பது வருஷம் நன்றாகத் தூங்கியது.

நண்பர் கார்க்கைத் திருகினார். தலைப்பகுதி மட்டும் கையோடு வந்தது. மீதி கழுத்துக்குள் தங்கிவிட்டது. திருகாணியை இறக்கினால் கார்க் ஈர மண்ணாங்கட்டி மாதிரி உதிர்கிறது. பாதி வெளியே, பாதி உள்ளே. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது தங்க நிறத் திரவத்தில் பழுப்புத் துகள்கள் மிதந்தன. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது: மட்டம் பாட்டிலின் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. வெல்வெட்டைத் தடவிப் பார்த்தேன், ஓரிடத்தில் விறைத்துப்போய் இருந்தது. ஒன்பது வருஷமாகச் சொட்டுச் சொட்டாக வெல்வெட்தான் குடித்திருக்கிறது.

காபி வடிகட்டும் தாளில் வடித்து இரண்டு கிளாஸில் ஊற்றினோம். உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பழைய மரச்சாமான் என்று என்னென்னவோ எதிர்பார்த்த மூக்குக்கு நனைந்த அட்டைப்பெட்டி வாசனைதான் கிடைத்தது. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். துக்க வீட்டில் பேசும் குரல் அது.

ஒயினைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் ஈரமாக இருக்க வேண்டும். விஸ்கியை நிமிர்த்தி வைக்க வேண்டும். 40 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள திரவம் வருஷக்கணக்கில் கார்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதை அரித்துவிடும், கார்க்கின் வாசனையும் உள்ளே இறங்கிவிடும். இதெல்லாம் சேகரிப்பவனுக்கு அரிச்சுவடி, உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். சரி, பாதித் தவறு என்னுடையது. அப்போது நான் கற்றுக்குட்டி. ஆனால் படுக்கை விரித்துக் கொடுத்தது யார்? அந்தப் பெட்டிக்குள் பதினாறு பக்கக் கையேடு ஒன்று இருந்தது. அன்றிரவு உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்தேன். ஓடை வருகிறது, மான் வருகிறது, மூடுபனி இரண்டு தடவை வருகிறது, நிறுவனரின் பாட்டி வருகிறார். "நிமிர்த்தி வைக்கவும்" என்ற இரண்டு வார்த்தை மட்டும் வரவேயில்லை.

இதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

தயாரித்த நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை; உங்களில் பெரும்பாலானோர் இதே பதிலைத்தான் தந்திருப்பீர்கள். மிக மரியாதையான பதில். வருத்தம் தெரிவித்திருந்தார்கள். புகாரை மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால், "பாட்டிலில் அடைக்கப்பட்ட தேதியைத் தெரிவிக்கவும்" என்று கேட்டிருந்தார்கள்.

நான்கு தடவை படித்தேன். அவர்கள் அச்சிடாத தேதியை என்னிடம் கேட்கிறார்கள்.

லேபிளில் தேடினேன், பெட்டியில் தேடினேன், கையேட்டில் தேடினேன். கடைசியில் கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாட்டிலின் அடிப்பக்கத்தை ஆராய்ந்தபோது, கண்ணாடியில் பொடியாகச் செதுக்கிய எழுத்துகள் தென்பட்டன. ஓர் 'எல்', அப்புறம் சில எண்கள், நடுவில் இரண்டு எண் தேய்ந்து அழிந்திருந்தன. எந்த எண் வருஷம், எந்த எண் நாள் என்பது அவரவர் ஆலைக்கே தெரிந்த ரகசியம். படிக்க முடிந்ததை எழுதி அனுப்பினேன். முழு எண் இல்லாமல் கண்டுபிடிக்க இயலாது என்று, அதே மரியாதையோடு, பதில் வந்தது.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். பாட்டிலில் அடைத்த தேதியை, மனிதர் படிக்கிற எழுத்தில், லேபிளில் அச்சிடுங்கள்.

கெட்டுப்போகாத பொருளுக்குத் தேதி எதற்கு என்பீர்கள். ஐரோப்பிய விதிகளும் 10 சதவீதமும் அதற்கு மேலும் ஆல்கஹால் உள்ள பானங்களுக்குக் காலாவதித் தேதி வேண்டாம் என்றுதான் சொல்கின்றன. காலாவதித் தேதியை நான் கேட்கவில்லை, பிறந்த தேதியைக் கேட்கிறேன். பீப்பாயை விட்டு வந்த நாளோடு விஸ்கிக்கு வயது நின்றுவிடுகிறது. பாட்டிலுக்குள் நூறு வருஷம் இருந்தாலும் 12 வருஷ விஸ்கி 12 வருஷ விஸ்கிதான். ஆனால் அன்றைய 12 வேறு, இன்றைய 12 வேறு. பார்லி ரகம் மாறியிருக்கிறது, பீப்பாய் வந்த வழி மாறியிருக்கிறது, கலப்பவரே மாறியிருக்கிறார். பெயரும் லேபிளும் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஒரே பெயருள்ள இரண்டு பாட்டிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மூத்தது என்று அறிய நாங்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. 75 சென்டிலிட்டரா 70 சென்டிலிட்டரா என்று பார்க்கிறோம். ஐரோப்பாவில் 1990 வாக்கில் அளவு குறைந்ததால் அது ஒரு தடயம். பார்கோடு இருக்கிறதா, மூடி எந்த ரகம், கண்ணாடியின் அடியில் என்ன எண் என்று கொலை வழக்குத் துப்பறிவது போல் துப்பறிகிறோம். ஓர் அரை வரி அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு.

2017ல் ஸ்விட்சர்லாந்து விடுதி ஒன்றில், 1878ஆம் வருஷத்து மெக்கலன் (பேர்பெற்ற ஸ்காட்ச் விஸ்கி) என்று எழுதிய பாட்டிலிலிருந்து ஒரு விருந்தினருக்கு ஒரே ஒரு அளவு ஊற்றினார்கள். அதற்கு அவர் கொடுத்தது ஏறக்குறைய 10,000 ஃபிராங்க். பிறகு சோதித்துப் பார்த்தால் 1970களின் தொடக்கத்துச் சரக்கு. விடுதிக்காரர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பாவம், அவர்களும் ஏமாந்தவர்களே. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கார்பன்-14 மூலம். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்துவிட்ட கார்பன் பார்லிக்குள் போய், பார்லியிலிருந்து விஸ்கிக்குள் போய், அது சாட்சி சொன்னது. போலி செய்கிறவன் தேதியையும் போலியாக அச்சடிப்பான், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு பாட்டிலின் வயதைச் சொல்ல அணுகுண்டு வெடித்திருக்க வேண்டும் என்ற நிலைமை கொஞ்சம் அதிகம்.

மறைக்க விரும்பாதவர்களும் உங்களில் இருக்கிறார்கள். சிக்னடரி போன்ற தனிப் பாட்டில்காரர்களின், அதாவது பிற ஆலைகளின் விஸ்கியைப் பீப்பாயாக வாங்கித் தாங்களே அடைத்து விற்கிறவர்களின், லேபிளைப் பாருங்கள்: வடித்த தேதி, அடைத்த தேதி, பீப்பாய் எண், பாட்டில் எண், எல்லாம் நான்கு வரியில். அதனால் யாருடைய வியாபாரமும் படுத்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் ப்ருக்லாடி ஆலையார் 'கிளாசிக் லாடி' என்ற தங்கள் விஸ்கியின் தொகுதி எண்ணைத் தங்கள் இணையதளத்தில் போட்டால் எந்தெந்தப் பீப்பாய் கலந்தது என்று சொல்கிறார்கள். அமெரிக்காவில் 1897லேயே 'பாட்டில்ட் இன் பாண்ட்' சட்டம் வந்துவிட்டது: ஒரே ஆலை, ஒரே பருவம், குறைந்தது 4 வருஷம், 50 சதவீத ஆல்கஹால், எங்கே வடித்தது என்று லேபிளில் இருக்க வேண்டும். விஸ்கி என்ற பெயரில் கண்டதையும் கலந்து விற்ற காலத்தில் போட்ட சட்டம் அது. நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் அது போன்ற ஒரு விவரத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விதி தடுக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு விஷயத்தில் அது உண்மை. கலவையில் இருக்கிற மிக இளைய விஸ்கியின் வயதைத் தவிர வேறு வயதைச் சொல்லக்கூடாது என்பது ஸ்காட்ச் விதி. 2015ல் காம்பஸ் பாக்ஸ் என்ற விஸ்கி கலக்கும் நிறுவனம் தன் கலவையில் என்னென்ன விஸ்கி, எத்தனை வயது, எவ்வளவு பங்கு என்று முழுசாகச் சொல்லப்போய், நீக்கச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்கிறோம் என்று அந்த நிறுவனத்தார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை. ஆனால் அடைத்த தேதியை எந்தப் பூசாரியும் தடுக்கவில்லையே? அதற்கு என்ன சாக்கு?

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி, அதாவது இ150ஏ, சேர்க்கலாம்; சட்டப்படி குற்றமில்லை. ஜெர்மனியில் விற்கிற பாட்டிலில் 'நிறமி சேர்த்தது' என்று எழுதியாக வேண்டும், எழுதுகிறீர்கள். அதே விஸ்கி வேறு நாட்டுக்குப் போகும்போது அந்த வரி காணாமல் போகிறது, அந்த இடத்தில் 'செறிந்த அம்பர் நிறம்' என்று ஒரு வர்ணனை குடியேறுகிறது. ஒரு சொல் ஜெர்மன் தெரியாத நாங்கள் ஜெர்மன் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்து உண்மையைத் தெரிந்துகொள்கிறோம். விஸ்கி கலங்கலாகத் தெரியாமலிருக்கக் குளிர வைத்து வடிகட்டியதா இல்லையா என்பதும் இப்படித்தான். வடிகட்டாதவர்கள் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், வடிகட்டியவர்கள் மௌனம். மௌனத்தைப் படிக்க நாங்கள் பழகிவிட்டோம்.

அப்புறம் 'கிராஃப்ட்', அதாவது சின்ன ஆலையில் கைவேலையாகச் செய்தது என்ற பட்டம். இந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. உண்மையாகவே சின்னச் செப்புப் பானையை வைத்துக்கொண்டு ராத்திரி பகல் பாராமல் உழைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் லேபிளில் சுத்தியலும் தாடிக்காரரும் இருக்க, உள்ளே இருக்கிற ரை (கம்புபோன்ற ஒரு தானியம்) விஸ்கி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க் பேராலையில் மொத்தமாக வாங்கியது என்று பின்னால் தெரியவருகிறதே, அது எந்தக் கைவேலை? பேராலைச் சரக்கு மோசம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே இருக்கிறது. நன்றாக இருப்பதை ஏன் தாடிக்குள் ஒளிக்க வேண்டும்? மெக்சிகோவில் கற்றாழையிலிருந்து வடிக்கிற மெஸ்கால் என்ற மதுவின் பல பாட்டில்களில் எந்தக் கற்றாழை, எந்த ஊர், வடித்தவர் பெயர் என்ன என்று எழுதியிருக்கிறது. அத்தனையும் எழுதியும் அவர்களுக்கு லேபிளில் இடம் மிஞ்சுகிறது. உங்களுக்குத்தான் மானுக்கே இடம் போதவில்லை.

கொஞ்சம் வேகமாகப் போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்தது இவ்வளவையும் அல்ல.

அடைத்த தேதி, அதுதான். மாதமும் வருஷமும் இருந்தால்கூடப் போதும். தேய்ந்து போகாத மையில், கண்ணாடி போட்டவன் படிக்கிற அளவில், பின்பக்க லேபிளில் ஓர் ஓரம். கார்க் போட்ட பாட்டிலாக இருந்தால் "நிமிர்த்தி வைக்கவும்" என்றும் சேர்த்துவிடுங்கள். இடம் இல்லையென்றால் மூடுபனியில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், எங்களுக்கு ஒரு மூடுபனி போதும். அப்படியே, படுக்கைப் பள்ளம் வெட்டிய பெட்டிகளை ஒயின்காரர்களிடமே விட்டுவிடும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.

இழப்பீடு எதுவும் கேட்கவில்லை. பாட்டில் போனது போனதுதான். வடிகட்டியதில் மிஞ்சியதை வேறொரு பாட்டிலுக்கு மாற்றி, திருகு மூடி போட்டு, நிமிர்த்தி வைத்திருக்கிறேன். நண்பர் வரும்போதெல்லாம் "இன்னும் ஒரு வாய் பார்ப்போம், காற்றுப்பட்டுச் சரியாகியிருக்கும்" என்கிறார். சரியாகவில்லை. அதற்கு ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி நானே லேபிள் எழுதினேன். திறந்த தேதி போட்டிருக்கிறேன், மாற்றி ஊற்றிய தேதி போட்டிருக்கிறேன். அடைத்த தேதி என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். உங்கள் பதிவேட்டில் பார்த்துச் சொன்னால் நிரப்பிக்கொள்வேன்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் வாடிக்கையாளன்