உடையார்குடிக் கல்லை ஊரறிய மறுபடி வாசியுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் பிறந்தவன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். எங்கள் ஊர் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று பெயர் சொல்லும் கல் அது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் கோயில் வாசலில் யாராவது வெளியூர்ப் பிள்ளைகள் பைக்கை நிறுத்திவிட்டு, "கொலை நடந்த கடம்பூர் மாளிகை எங்கே இருக்கு அய்யா?" என்று கேட்கிறார்கள். 'பொன்னியின் செல்வன்' நாவலிலும் படத்திலும் பார்த்ததை நம்பி வருகிறார்கள், பாவம். மேலக்கடம்பூரில் இருப்பது கோயில். அதுவும் முதலாம் குலோத்துங்கன் காலத்தது, கொலைக்கு நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியது. கொலை எந்த ஊரில் நடந்தது என்று கல் சொல்லவே இல்லை. இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது. "அப்போ கல்லுல என்னதான் இருக்கு?" என்பதுதான் அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்கான பதிலை அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் ஒன்றுமில்லை என்பதுதான் என் வருத்தம்.

கல்லில் இருப்பது இதுதான். இராசகேசரி வர்மரின் இரண்டாம் ஆட்சியாண்டு. இராசகேசரி என்பது சோழர் பட்டப்பெயர்; இங்கே அது ஆதித்தனின் தம்பி இராசராசனைக் குறிக்கிறது. முதலாம் இராசராசன் 985-இல் பட்டத்துக்கு வந்தான் என்பதால், அநேகமாக 987-ஐ ஒட்டிய காலம். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது எங்கள் காட்டுமன்னார்கோயிலின் பழைய பெயர்; அதன் ஊர்ச் சபைக்கு மன்னரின் ஓலை வருகிறது. "பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான" சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், இவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன், உடன்பிறந்த மலையனூரான் ஆகியோரின் உடைமைகளை விற்கச் சொல்கிறது அந்த ஓலை. அவர்களோடு நிற்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், மனைவிமார், பேரப்பன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், அக்கா தங்கைகளைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் என்று உறவு முறை நீண்டுகொண்டே போகிறது. இதை மேற்பார்க்க கொட்டையூரிலிருந்து ஒருவரும் புள்ளமங்கலத்திலிருந்து ஒருவரும் அனுப்பப்பட்டார்கள்.

ஒரு முறை மாணவர்களை அங்கே கூட்டிப்போனேன். சாயங்காலம் வெளிச்சம் மங்கிய நேரம், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்தேன். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து அது எழுந்து நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நான் எழுதிக் கொடுத்த தாளையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்து, "இவகள்னு இருக்கு சார், ர் விட்டுட்டாங்க" என்றாள். 'உடன்பிறந்த' என்பதும் 'உடப்பிறந்த' என்றுதான் இருக்கிறது. பேச்சு அப்படியே கல்லில் ஏறிவிட்டது. அன்று அந்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை எந்தப் பாடவேளையிலும் நான் கேட்டதில்லை. "மாமன் என்ன சார் தப்பு செய்தார், அவர் நிலத்தை ஏன் பிடுங்கணும்?" என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு இன்றும் அதற்குப் பதில் தெரியாது.

இனி வழக்குக்கு வருகிறேன். ஆதித்தன் இறந்தது 970-ஐ ஒட்டி. அதன் பிறகு பட்டத்துக்கு வந்தவர் சிற்றப்பா முறையான உத்தம சோழர்; ஏறத்தாழ 15 ஆண்டு ஆண்டார். கொலைகாரர் பற்றிய ஆவணமோ இராசராசன் வந்த பிறகுதான் கிடைக்கிறது. ஆகவே உத்தம சோழருக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி கருதினார். எங்கள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை.

நான் பண்டாரத்தார் பக்கம்தான். ஊர்ப் பாசத்தால் சொல்லவில்லை. அந்தக் கல் ஒரு தீர்ப்பு அல்ல, நில விற்பனை ஆவணம். பறிமுதலான நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்தார். அதற்காகத்தான் எழுத்து வெட்டினார்கள். கொலைகாரருக்கு என்ன தண்டனை, எப்போது, யார் கொடுத்தது என்று ஒரு சொல் இல்லை. அந்தச் சகோதரர்கள் அப்போது உயிரோடு இருந்தார்களா என்பதுகூட இல்லை. அப்படியிருக்க, இரண்டாம் ஆண்டு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதுவரை யாரும் விசாரிக்கவே இல்லை என்று எப்படி முடிவு கட்டுவது? அப்புறம், உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தனை இராசராசன் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் வைத்திருந்தான். அண்ணனைக் கொல்ல வைத்தவரின் பிள்ளையை ஒருவன் அப்படி வைத்துக்கொள்வானா? உத்தம சோழரின் தாய் செம்பியன் மாதேவியார் எங்கள் மாவட்டத்து விருத்தாசலம் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல் கோயிலாக, ஆக்கியவர். அந்தக் குடும்பத்தின் மேல் இன்னமும் ஒரு சந்தேகம் தொங்குகிறது.

பாண்டியரின் பழிவாங்கல் என்பது இன்னொரு கட்சி. வீரபாண்டியன் தலையைக் கொண்டவன் ஆதித்தன் என்பதால் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் 'பஞ்சவன்' என்ற சொல் பாண்டியனைக் குறிக்கும் என்பதைக் கொண்டே இரவிதாசனைப் பாண்டிய ஒற்றனாக்கிவிட முடியாது. இராசராசனின் தேவி ஒருவரின் பெயரே பஞ்சவன் மாதேவி. தம்பியின் பட்டமோ 'இருமுடிச்சோழ'. பிரம்மாதிராசன் என்பது அரசு அலுவலில் இருந்த அந்தணருக்கு மன்னர் கொடுக்கும் பட்டம். சோழ அரசுக்குள் இருந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எதற்காகக் கொன்றார்கள் என்பது அந்தப் பட்டங்களில் இல்லை. சோழர்களின் திருவாலங்காட்டுச் செப்பேடும் உதவவில்லை. வானுலகைக் காணும் ஆசையால் ஆதித்தன் போய்ச் சேர்ந்தான் என்று அழகாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது.

ஆணையர் அவர்களே, இந்தக் கல் 1920-இல் படியெடுக்கப்பட்டு, பிறகு கல்வெட்டுகளை வெளியிடும் எபிகிராபியா இண்டிகா இதழின் 21-ஆம் தொகுதியில் அச்சானது. நூறு வருடத்துக்கு முந்தைய அந்தப் படியை வைத்துக்கொண்டுதான் இன்னமும் பெரும்பாலும் வாதாடுகிறோம். கல்லைப் புதிதாக மைப்படி எடுங்கள். இப்போதைய கேமராவில் நாலு பக்க வெளிச்சத்தில் படம் பிடியுங்கள். எந்த எழுத்து தெளிவு, எந்த எழுத்து சிதைவு, எது படித்தவரின் ஊகம் என்று பிரித்துக் காட்டி, எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போடுங்கள். உத்தம சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இந்தச் சகோதரர் பெயரோ பட்டமோ வருகிறதா என்று ஒரு குழு உட்கார்ந்து தேடட்டும். ஒரே ஒரு இடத்தில் கிடைத்தால்கூட, கொலைக்குப் பிறகு அவர்கள் பதவியில் இருந்தார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும். இந்த வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை.

கோயில் பக்கத்தில் ஒரு பலகையும் வேண்டும். கல்லில் உள்ளபடி ஒரு பத்தி, இன்றைய தமிழில் ஒரு பத்தி. கதையும் வேண்டாம், புகழ்ச்சியும் வேண்டாம்.

வாசிப்பு முடிந்ததும் அதைச் சென்னையில் ஒரு அரங்கத்தில் வெளியிடாமல் காட்டுமன்னார்கோயிலில் வையுங்கள். சிதம்பரத்திலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் இருக்கிறது. சாயங்காலமாக வாருங்கள், அப்போதுதான் எழுத்து தெரியும். டார்ச் நான் கொண்டுவருகிறேன். அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறாள். அவளையும் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுமன்னார்கோயில்காரன் ஒருவன்,
மஞ்சக்குப்பம், கடலூர்