நோட்டீஸ் பணம்: எந்தச் சம்பளத்தில் கணக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராஜினாமா செய்தபின் வேலையில் இருக்க வேண்டிய நோட்டீஸ் காலம் 90 நாள். புது நிறுவனமோ 30 நாளில் வந்து சேரச் சொல்கிறது. ஐ.டி. ஊழியர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மீதி நாளுக்குப் பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பு என்று யோசனை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. எந்தச் சம்பளத்தில் கணக்கு, யார் சம்மதிக்க வேண்டும் என்று சொல்பவர்தான் இல்லை.

பேப்பர் போடும் முன் நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸுக்கு ஈடான தொகை அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா? அடிப்படை 24,000, மொத்தம் 60,000 ரூபாய் வாங்குபவர் 60 நாள் குறைத்தால் முதல் கணக்கில் 48,000 ரூபாய், இரண்டாவதில் 1,20,000. ஈட்டிய விடுப்பைக் கழித்துக்கொள்ள நிறுவன விதி இடம் கொடுத்தால், 12 நாள் விடுப்பு 48,000-ஐ 38,400 ஆக்கிவிடும். இந்தத் தொகைக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2022 ஆகஸ்டிலேயே மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. 18 சதவீதம் சேர்த்துக் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

‘நிர்வாகத்தின் விருப்பப்படி’ என்ற சொற்கள் கடிதத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். இருந்தால், பணம் கட்டத் தயார் என்பது மட்டும் போதாது. விடுவிக்கும் தேதிக்கு ஒப்புதல் மின்னஞ்சலில் வர வேண்டும். மேலாளர் வாய்வார்த்தையாக “பார்த்துக்கலாம்” என்றதை நம்பிப் புது இடத்துக்குத் தேதி கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள்தான் அதிகம். ராஜினாமாக் கடிதம் நாலு வரி போதும்: கேட்கும் கடைசி வேலை நாள், குறையும் நாட்கள், விடுப்பில் கழிப்பதா பணமா, ஒப்படைக்கும் வேலைக்கு ஒரு கால அட்டவணை. மனக்குறைகளை அதில் கொட்ட வேண்டாம்.

விருப்பமில்லாதவரை வேலை செய்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. நிறுவனம் இழப்பீடுதான் கேட்க முடியும். அதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் (பணி விடுவிப்புக் கடிதம்) வராது, அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பில் அந்தக் குறை வந்து நிற்கும்.

பி.எஃப். கணக்கில் பழைய இடத்தின் வெளியேறிய தேதியும் புது இடத்தில் சேர்ந்த தேதியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால், இரட்டை வேலையா என்ற கேள்வி வரும். நிறுவனம் தேதியைப் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து பி.எஃப். அமைப்பின் யுஏஎன் தளத்தில் நீங்களே பதியலாம்.

ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டை நெருங்குபவர்கள் அவசரப்படும் முன், ஐந்து ஆண்டு பணிக்குக் கிடைக்கும் கிராஜுவிட்டியை (பணிக்கொடையை) எண்ணிப் பார்க்கவும். பணம் கட்டிக் குறைத்த நாட்கள் பணிக்காலத்தில் சேராது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருந்தும், முழு ஐந்து ஆண்டு கேட்டு இழுத்தடிக்கும் நிறுவனங்கள் உண்டு.

கடைசி நாள் மாலை அலுவலக லாகின் போய்விடும். சம்பளச் சீட்டுகள், முந்தைய ஆண்டுகளின் படிவம் 16 (வருமான வரிப் பிடித்தச் சான்று), லேப்டாப் ஒப்படைத்த ரசீது எல்லாம் அதற்கு முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். குழு மருத்துவக் காப்பீடும் பொதுவாக அன்றோடு சரி. வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், தனிநபர் பாலிசிக்கு மாறும் விண்ணப்பத்தைச் சில வாரங்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

– மனிதவளத் துறை ஊழியர்கள் சிலர், கோவை