துவக்கு அனுமதிப்பத்திரத்தோடு அரைநாட் பயிற்சியும் வேண்டும்: திருகோணமலை அரசாங்க அதிபருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

பயிர்ப் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளின் அனுமதிப்பத்திரங்களை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணி மாவட்டச் செயலகத்தின் ஊடாக நடைபெறுகிறது. இதற்கு அடிப்படையான சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டமாகும். துவக்கு யாரிடம் இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்பதைக் கணக்கில் வைத்திருப்பதே அதன் முதல் நோக்கம். அந்தத் துவக்கிலிருந்து தோட்டாவைப் பாதுகாப்பாக வெளியே எடுக்க உரியவருக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களில் பெரும்போகக் கதிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் இரவுக் காவல் தொடங்கிவிடும். யானை எந்த நேரத்தில் வரும் என்று சொல்ல முடியாது என்பதனால் 12 போர் துவக்கில் மாலையிலேயே தோட்டாவை ஏற்றிக் காவற்குடிலின் கப்பில் சாத்தி வைப்பது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. விடிந்ததும் அதே துவக்கு, உள்ளே அதே தோட்டாவோடு, மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறது; அங்கே கதவு மூலையில், பள்ளிக்கூடப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில், அன்று மாலை வரை நிற்கிறது. ஆபத்து இரவில் யானைக்கு எதிரே நிற்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். எனக்கென்னவோ பகலில் சும்மா நிற்கும் துவக்கின் மீதே பயம் அதிகம்.

விபத்து நடந்த வீட்டில் "துவக்கு தானாக வெடித்துவிட்டது" என்று சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் அதை மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது. ஆயினும் துவக்கு காரணமின்றி வெடிப்பதில்லை. விசையில் விரல் இருந்திருக்கும், அல்லது வேலியைத் தாண்டும்போது விசையில் ஒரு சுள்ளி மாட்டியிருக்கும், அல்லது சாத்தி வைத்த இடத்திலிருந்து துவக்கு சரிந்து விழுந்திருக்கும். பழைய ஒற்றைக்குழல் துவக்குகளில் வெளியே தெரியும் சுத்தியல் உறுப்பு, சிலவற்றில், பின்னுக்கு இழுக்காத நிலையிலும் தோட்டாவின் அடிப்பகுதியைக் குத்தும் ஊசியின் மேலேயே அமர்ந்திருக்கும். அப்படிப்பட்ட துவக்கு கீழே விழும்போது அந்தச் சுத்தியலில் படும் ஓர் அடியே போதும். பின்னுக்கு இழுத்த சுத்தியலைப் பனியில் நனைந்த பெருவிரலால் மெல்ல இறக்கப் போய் நழுவவிடுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. மரத்துப் பரணில் ஏறியபின் கீழே நிற்பவரிடமிருந்து துவக்கை வாய்ப்பக்கமாகப் பிடித்து மேலே இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவற்றைத் தடுக்கும் அறிவு பெரிய வித்தை ஒன்றும் அன்று. எந்தத் துவக்கையும் ஏற்றியதாகவே கருத வேண்டும். கையில் எடுத்ததும் குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, மடித்துத் திறந்து, உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும். சுடும் கணம் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்து வரவையின் காவற்காரரா என்று தெரியாமலும், அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறியாமலும் சுடக் கூடாது. தோட்டா ஒரு பூட்டிலும் துவக்கு வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும்.

வயலுக்கே உரிய இரண்டு விடயங்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரம்பில் வழுக்கி விழுந்து குழல் வாயில் சேறு அடைத்துவிட்டால், அதைக் கவனியாமல் சுடுபவரின் கையிலேயே குழல் வெடித்துப் பிளக்கக் கூடும். ஈரம் கண்ட பழைய தோட்டா விசையை அழுத்தியும் வெடிக்காதபோது உடனே திறந்து பார்ப்பதும் ஆபத்து. சில வேளைகளில் அது தாமதித்து வெடிக்கும் என்பதனால், குழலை ஆளில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிடமாவது காத்திருந்து, அதன் பின்பே திறக்க வேண்டும்.

இம்மாவட்டத்து மக்கள் இராணுவ முகாம்களைப் பார்க்காதவர்கள் அல்லர். ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்ற சிப்பாய்களுக்குக்கூட, காவற்கடமை முடிந்ததும் குழலை மணல் மூட்டைகளை நோக்கிப் பிடித்து ஆயுதத்தை வெறுமையாக்குவதற்கென ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. அவர்களையே நினைவை மட்டும் நம்பி விடவில்லை என்றால், தகப்பன் பிடித்த விதத்தைப் பார்த்துப் பழகிய விவசாயியை எப்படி விடுவது?

ஆதலால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலத்தில், ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும், அரைநாட் செய்முறைப் பயிற்சி ஒன்றைத் தாங்கள் ஒழுங்குசெய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கற்பிப்பவர்களைத் தேட வேண்டியதில்லை. பொலிஸாரும் கடற்படைத் தளத்தினரும் சீனன்குடா விமானப்படையினரும் இங்கேயே இருக்கிறார்கள். போலித் தோட்டாவை வைத்து ஏற்றவும் இறக்கவும் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து காட்ட வேண்டும். விரிவுரையைக் கேட்டுக் கையொப்பமிட்டுப் போகும் கூட்டமாக அது முடிந்துவிடக் கூடாது. வீட்டில் துவக்கு இருக்கும் இடத்தை அறிந்தவர்கள் பெண்களே என்பதனால் அவர்களையும் அழைப்பது நன்று. தேய்ந்த சுத்தியலும் தளர்ந்த பூட்டும் உள்ள துவக்குகளை அன்றே பரிசோதித்துத் திருத்த அனுப்பவும் முடியும்.

விலங்கு தட்டியதும் தானே வெடிக்கும்படி காட்டில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி இங்கே நான் விரித்து எழுதவில்லை. விறகுக்கும் தேனுக்கும் மாடு தேடியும் காட்டுக்குப் போகிறவர்களின் காலைப் பறிக்கும் அந்தப் பொறிக்குப் பயிற்சி எதுவும் மருந்தாகாது. அதை அகற்றத்தான் வேண்டும்.

மூதூர், கிண்ணியா, வெருகல், தம்பலகாமம் ஆகிய இடங்களில் இப்பயிற்சி தமிழிலேயே நடத்தப்பட வேண்டும். வெருகலிலிருந்து ஒருவர் ஒரு நாள் வேலையை இழந்து நகரத்துக்கு வர வேண்டியிருந்தால் அவர் வரமாட்டார். பெரும்போகக் காவல் தொடங்குவதற்கு முன், அதாவது விதைப்புக் காலத்திலேயே, திகதிகளைக் கமக்காரர் அமைப்புகள் வழியாக அறிவித்தால், வயலில் ஓய்வு கிடைக்கும் நாட்களைப் பார்த்து எங்களால் வர முடியும்.

இப்படிக்கு,
தம்பலகாமத்து விவசாயி ஒருவன்