அந்த வைட்டமின் டப்பாவை இப்போதைக்குத் தொடாதே

அம்மாடி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கை சிவந்து பளபளவென்று இருக்கிறது, குதிகாலில் தோல் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது. எல்லாம் நீ சாப்பிடும் புற்றுநோய் மாத்திரையின் பக்கவிளைவு. கூடவே, யாரோ அன்பாக வாங்கிக் கொடுத்த வைட்டமின் டப்பா. "சாப்பிடலாமாப்பா?" என்று கேட்டிருக்கிறாய். உன் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம்மா.

டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. எனக்குத் திக்கென்றது. நீ சாப்பிடும் அந்தப் புற்றுநோய் மாத்திரை கேபசிடபின், உடம்புக்குள் போய் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தாக மாறுகிறது. ஃபோலேட் (ஃபோலிக் அமிலமும் இந்த வகைதான்) சேர்ந்தால், அந்த மருந்து தான் தாக்கவேண்டிய நொதியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மருந்தின் வீச்சு கூடிவிடும். இதே காரணத்துக்காகச் சில சிகிச்சைகளில் டாக்டர்களே லூகோவோரின் என்ற ஃபோலேட் வகை மருந்தை அளந்து கொடுக்கிறார்கள். அளவு தெரியாமல் நாமாகச் சேர்த்தால் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, கை கால் எரிச்சல் எல்லாம் கூடலாம். சிங்கப்பூரில் இந்த மருந்து எடுத்தவர்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2017-இல் வெளியானது. இரத்தத்தில் ஃபோலேட் அதிகம் இருந்தவர்களுக்குத்தான் கை கால் தொல்லையும் அதிகம் வந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

வைட்டமின் பி6 சாப்பிட்டால் கை கால் தொல்லை சரியாகிவிடும் என்று உன்னிடம் பலர் சொல்லியிருப்பார்கள். வெகுகாலம் டாக்டர்களே அப்படி நம்பினார்கள். கொரியாவில் இதே மருந்து எடுத்தவர்களுக்குத் தினம் 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தொல்லை நடுத்தர அளவையோ அதற்கு மேலோ எட்டியவர்கள் பி6 எடுத்தவர்களில் 31.7 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30.6. ஒரு பயனும் இல்லை. பி6 அதிக அளவில் நாள்பட உள்ளே போனால் அதுவே நரம்பைப் பாதித்து விரல்களை மரத்துப்போகச் செய்யும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டினும் வேண்டாம், தைராய்டு போன்ற சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் குழப்பிவிடும். பரிசோதனையில் ஏதாவது சத்துக் குறைவு தெரிந்து டாக்டரே எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடு.

பலன் தெரிந்திருப்பது மேலே பூசும் மருந்தில். டெல்லி எய்ம்ஸில் இதே மருந்து எடுத்த 264 பேரிடம் செய்த ஆய்வு 2024-இல் வந்தது. 1 சதவீத டைக்ளோஃபெனாக் என்ற வலி நிவாரண ஜெல்லைத் தினம் இரண்டு வேளை கைகளில் பூசியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் தொல்லை நடுத்தர அளவையோ அதற்கு மேலோ எட்டியது. மருந்தில்லாத ஜெல் பூசியவர்களில் அது 15 சதவீதம். தோல் சிவப்பதற்கு முன்பே, சிகிச்சையின் தொடக்கத்திலிருந்து பூசியவர்கள் அவர்கள். உனக்கு இப்போது அது பொருந்துமா என்று டாக்டரைக் கேள். தோலை மென்மையாக்கும் 10 சதவீத யூரியா கிரீமைப் பற்றியும் கேள், ஆனால் வெடித்த இடத்தில் பூசினால் எரியும். வெந்நீரில் பாத்திரம் கழுவாதே. இறுக்கமான செருப்பு, நெடுநேர நடை, துணி பிழிவது எல்லாம் கொஞ்ச நாள் வேண்டாம். குளித்ததும் ஈரத்தை ஒற்றி எடு, தேய்க்காதே.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சட்டைப் பட்டன் போடும்போதோ டம்ளரைப் பிடிக்கும்போதோ வலித்தால், அடுத்த செக்கப் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே. அன்றைக்கே போன் செய். சில நாள் மருந்தை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துக் கொடுப்பார்கள். சிகிச்சை வீணாகிவிடுமோ என்று நீ பயப்படுவாய் என எனக்குத் தெரியும். தோல் ஆறினால்தானேம்மா மிச்சச் சுற்றுகளையும் முடிக்க முடியும்?

நாளை போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப்போய்க் காட்டு. என்ன சொன்னார் என்று இரவு போனில் சொல்.

அப்பா