வெயிலுக்கு முந்திக் கிளம்பச் சொன்னவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், சொந்தக்காரர்களுக்கும், நான் பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட சிலருக்கும்,

வணக்கம். வருகிற திங்கட்கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. சீருடை தைத்து வந்துவிட்டது, நோட்டுகளுக்கு அட்டை போட்டாகிவிட்டது. பள்ளி திறந்தபின் எனக்கு உட்கார்ந்து எழுத நேரம் வாய்க்காது என்பதால், வீட்டில் எல்லாரும் தூங்கும் இந்த மத்தியான நேரத்தில் என் நன்றியை எழுதிவிடுகிறேன்.

பெர்லினில் 12 வருஷம் இருந்துவிட்டு மார்ச் கடைசியில் பாளையங்கோட்டைக்குத் திரும்பினோம். பார்த்தவர்கள் எல்லாம் கேட்டது ஒன்றைத்தான்: "கோடையில வந்து மாட்டிக்கிட்டியளே?" எனக்கு அது விளங்கவில்லை. பெர்லினில் கோடை என்றால் கொண்டாட்டம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டெம்பல்ஹோஃப் என்று ஒரு பழைய விமான நிலையம் உண்டு. விமானம் ஓடிய அதே ஓடுபாதையில் இப்போது பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும், பெரியவர்கள் புல்லில் பாய் விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். நன்றாக வெயிலடிக்கும் நாளில் வீட்டுக்குள் இருப்பவரை உடம்புக்கு ஆகாதவரோ என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் ஊருக்கு வந்தேன்.

ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை, மகளுக்குத் தொப்பி மாட்டி, முகத்தில் களிம்பு தடவி, காலை பதினோரு மணிக்கு வெளியே கூட்டிப்போனேன். ஊரைச் சுற்றிக் காட்டப் போகிறேனாம். பன்னிரண்டரைக்கு அவள் வாசல்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு தூக்குவாளியில் நீராகாரத்தை மோர் ஊற்றிக் கரைத்துக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு என்னைப் பிடித்தார்.

"ஏளா, பச்சப்பிள்ளைய இந்த வெயில்ல இழுத்துட்டுப் போவாங்களா? நாலரைக்கு எந்திரி. எட்டு மணிக்குள்ள திரும்பி வந்துரு. அப்புறம் வெயில் தாழத்தான் வாசல்ல கால வைக்கணும்."

ஆச்சி, முதல் நன்றி உங்களுக்கு. இந்த இரண்டு மாதமும் நாங்கள் சுற்றியதெல்லாம் நீங்கள் போட்டுக்கொடுத்த அந்தக் கால அட்டவணைப்படிதான்.

இங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டவர்கள் உண்டு. உண்மையாகவே தெரியாது. எங்கள் காலத்தில் பெரிய லீவு விட்டால் டைப்ரைட்டிங் கிளாஸ், இந்தி கிளாஸ், அப்புறம் ப்ளஸ் டூ டியூஷன். தாமிரபரணி ஆறு இரண்டு கிலோமீட்டரில் ஓடியும், யாராவது செத்தால்தான் அங்கே போவோம். படிப்பு கோயம்புத்தூரில், வேலை சென்னையில், பிறகு வெளிநாடு. "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேட்டால் அல்வாவையும் குற்றாலத்தையும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

குறுக்குத்துறைக்கு முதலில் கூட்டிப்போனது மதினி. விடிய ஐந்தரை மணி. ஆற்றுக்குள்ளேயே பாறையைக் குடைந்த முருகன் கோயில். வெள்ளம் வந்தால் தண்ணீர் கோயிலின் மேலேறிப் போகும். வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூசை நடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தை நான் பெர்லினில் செல்போனில் பார்த்து அழுதிருக்கிறேன். அதே இடத்தில் இப்போது இடுப்பளவுத் தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிகிறது.

என் மகள் பெர்லினில் நீச்சல் படித்து, கடற்குதிரைப் படம் போட்ட பட்டையை நீச்சலுடையில் தைத்து வைத்திருப்பவள். ஆற்றைப் பார்த்ததும் படித்துறையிலேயே நின்றுவிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். "கொளத்துத் தண்ணி நிக்கும், ஆத்துத் தண்ணி இழுக்கும். இழுத்தா இழுக்கட்டும், கூடவே போயி அந்தக் கல்லப் பிடி" என்று கையைப் பிடித்து இறக்கினார். மூன்றாம் நாள் மகள் தானாக இறங்கினாள். அந்த அம்மா பேரை நான் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் கரையேறும்போது, படியில் கிடக்கும் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பொறுக்கிச் சேலை முந்தியில் கட்டிக்கொண்டு போவார். அதைப் பார்த்தபின் நானும் ஒரு பை கொண்டுபோக ஆரம்பித்தேன். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் துணிகளைப் பார்த்த அன்று வந்த கோபத்துக்கு அந்தப் பையெல்லாம் காணாது.

பறவைகள் பார்க்கக் கூந்தன்குளம் போன கதை வேறு. காலை நாலரைக்கு வருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கிய வாடகை வண்டி வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. பேர் வேண்டாம், போகட்டும். ஐந்து மணிக்குத் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்டோ தம்பி, "ஏறுங்கக்கா, நாங்குநேரிப் பக்கந்தான" என்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். நேரில் சொல்ல நா எழவில்லை, இங்கே சொல்கிறேன்: அன்று நீங்கள் வாங்கியது டீசல் காசுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை. ஊருக்குள், வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருக்கின்றன. சங்குவளை நாரை தலைக்கு மேலே குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது, கீழே ஒருவர் பல் விளக்குகிறார். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. எச்சம் விழுந்து நாறுமே என்று கேட்டேன். தன் மொட்டைமாடியில் எங்களை ஏற்றிவிட்ட அக்கா, "அத வயலுக்குத்தான போடுதோம்" என்றார். கூழைக்கடா இறங்கும்போது இரண்டு காலையும் முன்னே நீட்டித் தண்ணீரில் சறுக்குவதை மகள் அந்த மாடியில் நின்று அரைமணி நேரம் பார்த்தாள். அக்கா காப்பியும் கொடுத்தார்.

குற்றாலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மே மாதம் போகாதே என்று எல்லாரும் சொன்னார்கள். போனேன். பாறையைப் பார்த்துவிட்டு வந்தேன். "நாங்கதான் சொன்னோமே" என்று யாரும் சொல்லிக்காட்டாமல் இருந்ததற்கு நன்றி. வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும் அகஸ்தியர் அருவிக்கு மறுவாரமே கட்டுச்சோற்றோடு கூட்டிப்போன பெரியம்மாவுக்குத் தனி நன்றி. அந்தப் புளிச்சோற்றுக்கு எத்தனை மிளகாய் வற்றல் போட்டீர்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

சித்தப்பாவுக்கு எழுத வேண்டியதுதான் அதிகம்.

ஒரு நாள் காலை முதல் பஸ்ஸிலேயே எங்களைத் திருச்செந்தூர் ரோட்டில் கூட்டிப்போனார். எங்கே என்று சொல்லவில்லை. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, ஆதிச்சநல்லூரில் இறக்கினார். பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்த ஊர். ஆற்றின் தென்கரையில் செம்மண் பரம்பு, 114 ஏக்கர், முழுக்க இடுகாடு. தோண்டிய குழிகளை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். அதன் மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். மகள் கண்ணாடி மேல் கால் வைக்கவே யோசித்தாள். "மிதிச்சா அவங்களுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்களும் கழற்றினோம்.

அப்புறம் அவர் கதையை ஆரம்பித்தார். 1899-இல் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேயர் இங்கே தோண்டத் தொடங்கி, தங்கப் பட்டம், வெண்கலத்தில் செய்த எருமை, நாய், இரும்பு வாள், ஈட்டி என்று வண்டி வண்டியாக எடுத்தார். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பவை அவைதான். "ஆனா மொதல்ல தோண்டுனது அவர் இல்ல. 1876-லயே ஒருத்தர் வந்து தோண்டி, கெடைச்சதத் தன் ஊருக்குக் கொண்டுபோயிட்டார். யாகோர்னு பேரு. எந்த ஊர்னு சொல்லு பாப்போம்?"

லண்டன் என்றேன்.

"பெர்லின்."

அந்த நகரத்து அருங்காட்சியகத்துக்குத்தான் அவை போயின. டாலம் பகுதியில் இருந்த அந்த இனவியல் அருங்காட்சியகத்தின் வழியாகப் பல வருஷம் வேலைக்குப் போய்வந்தவள் நான். ஒரு நாள்கூட உள்ளே நுழைந்ததில்லை. ஊர் நினைப்பு வந்து உள்ளம் வாடிய எத்தனையோ குளிர்கால மாலைகளில் அந்த வாசலைத் தாண்டி நடந்திருக்கிறேன். "நீ போறதுக்கு 130 வருஷத்துக்கு முந்தியே நம்மூர்ச் சாமான் பெர்லினுக்குப் போயிருச்சு" என்று சித்தப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுப் பக்கத்தில் இருந்ததை வீட்டில் இருந்தபோதும் பார்க்கவில்லை, அது போன ஊருக்குப் போயும் பார்க்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் நான் பேசாமல் வந்தது கோபத்தால் அல்ல, சித்தப்பா. உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அந்த வயது போய்விட்டதே என்று சும்மா வந்தேன்.

கடைசியாக, உடன்குடிப் பக்கத்துப் பனையேறி அண்ணாச்சிக்கு. உங்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேருமா என்று தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது. காலை ஆறரை மணிக்கு நீங்கள் மரத்திலிருந்து இறங்கும்போது, கீழே ஒரு குடும்பமே அண்ணாந்து நின்றுகொண்டிருந்ததே, அது நாங்கள்தான். கலயத்தின் உள்ளே தடவிய சுண்ணாம்பைக் காட்டி, இது இல்லாவிட்டால் பயினி, அதாவது பதநீர், புளித்துக் கள்ளாகிவிடும் என்றீர்கள். ஓலையை மடக்கிப் பட்டை பிடித்து ஊற்றினீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஏறிப் பாளை சீவ வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது என்றீர்கள். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பயினி உண்டு, நுங்கு மட்டும் பெண் பனையில்தான் என்று நீங்கள் சொன்னதை மகள் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி அங்கிருக்கும் தோழிக்கு அனுப்பியிருக்கிறாள். எத்தனை மரம் ஏறுவீர்கள் என்று கேட்டதற்கு, "இப்ப கொறச்சுட்டேன், மூட்டு வலிக்கு" என்று முழங்காலைத் தடவினீர்கள். பட்டைப் பயினிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டீர்கள். கருப்பட்டியாவது விலைக்குத் தாருங்கள் என்று கெஞ்சி வாங்கினோம். அதிலும் ஒரு சில்லுக்கருப்பட்டியைக் கூடப் போட்டீர்கள்.

மத்தியானம் தேரிக்காட்டில் கால் வைக்க முடியாது, வெயில் தாழப் போங்கள் என்று சொல்லி அனுப்பியதும் நீங்கள்தான். ஐந்தரைக்குப் போனோம். கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு மணல், அதன் மேல் காற்று கீறிய வரிகள், தூரத்தில் பனை. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், அந்த மணல் காட்டுக்கு நடுவே சுனையில் தண்ணீர் நின்றது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தேரி மணலில் உருண்ட வீட்டுக்காரரைக் கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் அப்படிப் பார்த்தேன். மூன்று தரம் துவைத்தும் அந்த வேட்டி வெள்ளையாகவில்லை.

மணப்பாடு இன்னும் பாக்கி இருக்கிறது. கழுகுமலை பாக்கி. ஆனியில் நெல்லையப்பர் தேர் வரும்போது வடம் பிடிக்க ஆள் போதாது, வந்துவிடு என்று மதினி இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். நேற்று சாயங்காலம் மேற்கேயிருந்து காற்று மாறிவிட்டது. இனிக் குற்றாலத்துக்குப் போகலாம் என்கிறார் ஆட்டோ தம்பி. இந்த முறை அவர் சொல்வதைக் கேட்கப்போகிறேன்.

ஆச்சி, உங்கள் தூக்குவாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நீராகாரம் கொண்டுவந்தது, ஏப்ரலில். அதன் பிறகு அதுவும் எங்களோடு ஆற்றுக்கும் அருவிக்கும் வந்துவிட்டது. அடியில் ஒரு நசுங்கல் விழுந்திருக்கிறது, அது என் மகள் வேலை. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நான் மறக்காத சிலவற்றில் ஒன்று. உடன்குடிக் கருப்பட்டியைப் போட்டுத் தரலாம் என்றால் உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ வருகிறேன். அதற்குள் என்ன போடலாம் என்று மதினியைக் கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
கீழ வீட்டுக்காரி