குடம் தூக்கக் கற்றுக்கொள்கிறேன், அம்மா

நொய்க்கோல்ன், பெர்லின்
நவம்பர் கடைசி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் தம்பி வீட்டாரும் நலம்தானே? தினமும்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் எதை ஆரம்பித்தாலும் சாப்பிட்டாயா, குளிர் எப்படி இருக்கிறது என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. இதை நீ கண்ணாடி போட்டுக்கொண்டு, மத்தியானம் வேலையெல்லாம் ஓய்ந்த பிறகு நிதானமாக வாசிக்க வேண்டும்.

நான் ஜிம்முக்குப் போகிறேன் அம்மா. நாலு மாதம் ஆகிறது.

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பிய அன்று எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் இருப்பது பழைய கட்டடம், நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 23 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடித் திருப்பத்தில் திரும்பினேன், முதுகில் ஒரு சொடுக்கு. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் செருப்புக்குக்கூடக் குனிய முடியவில்லை. நீ தூங்காமல் கிடப்பாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

எலும்பு டாக்டர் மாத்திரை கொஞ்சமாகத்தான் கொடுத்தார். ஆறு தடவை பிசியோதெரபி எழுதினார். இங்கே அந்தச் செலவில் பெரும்பகுதி இன்சூரன்சே கட்டிவிடும். நாம் கொடுப்பது பத்தில் ஒரு பங்கும், டாக்டர் எழுதித் தரும் சீட்டுக்கு 10 யூரோவும்தான். ஆறாவது தடவை முடிந்ததும் அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார்: "இனிமேல் படுக்கையில் கிடந்து பிரயோஜனம் இல்லை. ஜிம்முக்குப் போ, எடை தூக்கிப் பழகு." இடுப்பு வலிக்காரி எடை தூக்கலாமா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் முதுகுக்கும் தொடைக்கும் பலம் போதவில்லை, அதைக் கூட்டிக்கொண்டால் படியேறும்போது பெட்டி உன்னை இழுக்காது என்றார்.

சொன்னாரே தவிர, உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை. ஜிம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாரும் பிறந்ததிலிருந்து அங்கேயே வளர்ந்தவர்கள் போல இருந்தார்கள். எனக்கு 38 வயது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடு என்றால் மரத்தடியில் உட்கார்ந்து பாடம் எழுதிய பெண் நான். மூன்று வாரம் அந்த வாசலைக் கடந்து கடந்து போனேன்.

பிரிட்ஸில் முருகன் கோயில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேனே, ஈழத்துத் தமிழர்கள் கட்டியது. அங்கே ஒரு அக்கா உண்டு, யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லத்தில் வேலை. நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நாள் முழுக்க மாற்றுகிறவர். பிரசாதம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது என் இடுப்புக் கதையைச் சொன்னேன். "பிள்ளை, நான் எட்டு வருசமாப் போறன். இல்லையெண்டால் இந்த வேலையில நிண்டிருக்க ஏலாது. ஒருக்கால் போய்ப் பாருங்கோ, ஒருத்தரும் உங்களைப் பாக்கப் போறேல்லை" என்றார். அதற்கு அடுத்த நாளே போய்ச் சேர்ந்தேன். மாதம் 25 யூரோ. ஒரு வருட ஒப்பந்தம். முன்பெல்லாம் விலகுவதாகச் சொல்ல மறந்தால் இன்னொரு வருடம் தானாகவே நீண்டுவிடுமாம். 2022 மார்ச்சிலிருந்து போட்ட ஒப்பந்தங்களில் அப்படி இழுக்க முடியாது. முதலில் போட்ட ஒப்பந்தக் காலம் முடிந்தால் ஒரு மாத அறிவிப்பில் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

போகும்போது ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும், எழுந்ததும் துடைக்க வேண்டும். தெருவில் போட்ட ஷூவோடு உள்ளே விடமாட்டார்கள், உள்ளே போட வேறு ஜோடி. அலமாரிக்குப் பூட்டு நாமே கொண்டுபோக வேண்டும். இது தெரியாமல் முதல் நாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆபீஸில் எல்லாரையும் 'ஸீ' என்போம், அதாவது 'நீங்கள்'. ஜிம்முக்குள் நுழைந்துவிட்டால் எல்லாரும் 'டூ', அதாவது 'நீ'. எழுபது வயதுப் பெரியவர் வந்து "நீ முடித்துவிட்டாயா, நான் எடுத்துக்கொள்ளட்டுமா" என்று கேட்கிறார். வீட்டு மனுஷர் பேசுவது போல இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் சைக்கிளையும் நடக்கும் மெஷினையும் விட்டு நான் இறங்கவே இல்லை. அவை மட்டும்தான் எனக்குப் புரிந்தன. ஒரு நாள் தைரியம் வந்து, மேலிருந்து கம்பியை இழுக்கும் மெஷினில் உட்கார்ந்து இழுத்தேன், அசையவில்லை. பின்னால் எடைப் பலகைகளில் ஒரு ஊசி செருகியிருக்கும். எந்தப் பலகையில் செருகுகிறோமோ அந்த எடைதான் மேலே வரும். எனக்கு முன்னால் செய்தவர் 70-ல் விட்டுப் போயிருந்தார். எனக்கு அது தெரியாது. என் உடம்பு எதற்கும் உதவாது என்று கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அங்கே வேலை செய்யும் பயிற்சியாளர் பெண் வந்தாள். துருக்கிக் குடும்பம், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஒன்றும் பேசாமல் ஊசியை எடுத்து 15-ல் செருகினாள். "இப்போது இழு." வந்தது! "இதுதான் உன் நம்பர். எழுதி வைத்துக்கொள்."

அன்றிலிருந்து நோட்டுப் போட்டிருக்கிறேன், நீ பால் கணக்கு எழுதுவாயே அதே போல. தேதி, மெஷின், சீட் உயரம், எடை, எத்தனை தடவை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக மூன்று சுற்று, நடுவில் இரண்டு நிமிஷம் ஓய்வு. மூச்சு முட்டும் வரை செய்யக் கூடாது, இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யலாம் என்று இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். மூன்று சுற்றும் சுலபமாக முடிந்தால்தான் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டுவது. கம்பியில் மாட்டும் வட்டுகளில் இருப்பதிலேயே சின்னது 1.25 கிலோ, பக்கத்துக்கு ஒன்று. கூடுவது இரண்டரை கிலோ, அவ்வளவுதான்.

எடை தூக்க ஆரம்பித்த முதல் வாரம் வலி வந்தது. செய்த அன்று ஒன்றுமில்லை, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான். நாலு மாடியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். இதை இங்கே 'முஸ்கெல்காட்டர்' என்பார்கள். முஸ்கெல் தசை, காட்டர் என்றால் கடுவன் பூனை. தொடைக்குள் பூனை புகுந்து பிறாண்டுவது போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் தானாகவே போய்விட்டது. போகப் போக அவ்வளவு வருவதில்லை.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

இரண்டாவது மாதம் அந்தப் பெண் தரையிலிருந்து கம்பி தூக்கச் சொல்லித் தந்தாள். க்ரொய்ட்ஸ்ஹேபன் என்று பேர், இங்கிலீஷில் டெட்லிஃப்ட். முதலில் கம்பியே தரவில்லை. ஒரு மரக்கோலை என் முதுகோடு சேர்த்து நிறுத்தினாள்: பின்மண்டை, முதுகு, பிருஷ்டம், மூன்றிலும் கோல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியே குனி என்றாள். நான் குனிந்தால் முதுகு வளைந்து கோல் விலகிவிடும். "முதுகால் குனியாதே, இடுப்பைப் பின்னால் தள்ளு. கை நிறையச் சாமான் வைத்துக்கொண்டு கதவைப் பின்னால் தள்ளிச் சாத்துவாயே, அந்த மாதிரி." அதுவே ஒரு வாரம். அப்புறம்தான் கம்பி. வெறும் கம்பியே 20 கிலோ. கை வழுக்காமல் இருக்க நடுவில் சொரசொரப்பாகக் கீறி வைத்திருக்கிறார்கள். பிடித்தால் அம்மி கொத்தின புதிதில் கை வைத்தது போல இருக்கும். கால் எலும்பை ஒட்டி நிறுத்தி, மூச்சை வயிற்றில் இழுத்துப் பிடித்து, பாதத்தால் தரையை அழுத்தி எழுந்தால், எடை தொடையில் ஏறுகிறது அம்மா. முதுகு சும்மா நிற்கிறது. எனக்கு நம்பவே முடியவில்லை.

அன்று ராத்திரி உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். நம் தெருவில் தண்ணீர் விடும் நாளில் நீ இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று வருவாய். பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம், இரண்டும் சேர்ந்து 30 கிலோ. குழாயடியிலிருந்து நம் வாசல் வரை, நான் எண்ணியிருக்கிறேன், பன்னிரண்டு நடை. அந்த 30 கிலோவுக்கு வர எனக்கு இரண்டு மாதமும், கற்றுக்கொடுக்க ஒருத்தியும் தேவைப்பட்டது. உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படிக் குனிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒருத்தர்கூட உன் பக்கத்தில் நிற்கவில்லை. எடுத்தாய், நடந்தாய், அவ்வளவுதான். இன்றைக்கு உனக்கு இடுப்பு வலியும் முட்டி வலியும். வயசாகிவிட்டது, இனி எதையும் தூக்காதே என்று நானும் எல்லாரையும் போல உன்னிடம் சொன்னேனே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

தாத்தாவின் கர்லாக்கட்டை ஞாபகம் இருக்கிறதா? விடியற்காலையில் கோவணம் கட்டிக்கொண்டு கொல்லையில் சுற்றுவாரே. நான் ஒரு தடவை தொடப் போனதற்குப் பாட்டி கையைத் தட்டிவிட்டாள். பெண்பிள்ளைக்கு அது எதற்கு என்றாள். குடத்தை மட்டும் நம் இடுப்பில் வைத்தார்கள்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஹாசன்ஹைடெ என்று பெரிய பூங்கா. 1811-ல் ஃபிரீட்ரிக் லுட்விக் யான் என்ற வாத்தியார் அங்கேதான் திறந்த வெளியில் ஜெர்மனியின் முதல் பொது உடற்பயிற்சி மைதானம் போட்டார். அரசியலும் அதில் கலந்திருந்ததால் 1819-ல் அவரைப் பிடித்து அடைத்தார்கள். பிரஷ்ய அரசு 1842 வரை அந்தப் பயிற்சியையே தடை செய்து வைத்தது. பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நம் பள்ளிக்கூட மைதானத்தில் துருப்பிடித்து நிற்குமே இரட்டைக் கம்பி, அதைப் பரப்பியதும் அவர்தான். அதில் ஏறியதும் பையன்கள்தான், நாங்கள் எட்ட நின்று பார்த்தோம்.

சரி அம்மா, உனக்கு ஜிம் வேண்டாம், வீட்டு நாற்காலி போதும். அப்பா உட்காரும் கை வைத்த மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. அதில் உட்கார்ந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்திரு. மெதுவாக உட்கார், தொப்பென்று விழாதே. முதலில் ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுலபமானால் எட்டு, அப்புறம் பத்து. பிறகு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கு. முட்டியில் சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிடு. சுகர் டாக்டரிடம் போகும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள், அவரும் சந்தோஷப்படுவார். சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வயதானவர்களும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வாக்கிங் போகிறேனே என்பாய். அது நல்லது, விடாதே. இது வேறு.

காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்தாதே, ஒரு முட்டை சேர்த்துக்கொள். சுண்டல் ஊறப்போடு. நான் இங்கே க்வார்க் சாப்பிடுகிறேன், வடிகட்டின தயிர் மாதிரி கெட்டியாக இருக்கும், அதில் உப்பும் மிளகும் போட்டு.

போன வாரம் 50 கிலோ தூக்கினேன். கம்பி 20, பக்கத்துக்கு 15. எட்டுத் தடவை. அந்தப் பெண் கையைத் தட்டினாள்.

சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன். பெட்டியை நானே தூக்கிவருவேன், தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். கர்லாக்கட்டை இன்னும் பரண்மேல்தான் இருக்கிறதா, அதை மட்டும் தம்பியிடம் பார்க்கச் சொல். யாருக்கும் கொடுத்துவிடாதே. நான் வந்து இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் எத்தனை தடவை எழுந்தாய் என்று சொல். குளிரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உன் மூத்தவள்