மலை சைக்கிள் பந்தயங்களில் தலைக்காயப் பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஒரு பந்தய வீராங்கனையின் தந்தை,
சைக்கிள் ரிப்பேர் கடை, ஸ்ரீராமபுரம், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
இளைஞர் மேம்பாடு மற்றும் விளையாட்டுத் துறை,
கர்நாடக அரசு, பெங்களூரு.

பொருள்: மலை சைக்கிள் பந்தயத்தில் விழுந்தவரைப் பரிசோதிக்காமல் மீண்டும் ஓட்ட அனுமதிப்பதைத் தடுக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஸ்ரீராமபுரத்தில் 22 வருடமாக சைக்கிள் கடை நடத்தி வருகிறேன். என் மகளுக்கு 19 வயது, பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கடையில் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். கடந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைப் பக்கம் நடந்த மலை சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொண்டாள்.

நீலகிரி (யூகலிப்டஸ்) மரத் தோப்பை ஒட்டிய இறக்கத்தில், மழைத் தண்ணீர் அரித்த பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கித் தூக்கி எறிந்துவிட்டது. மலைப் பாதையில் ஓட்டினால் விழுவதும் உண்டு. அதில் எனக்கு யார்மேலும் குறை இல்லை. விழுந்த பிறகு அவளைக் கவனித்த விதம்தான் என்னை எழுத வைத்தது.

அந்தத் திருப்பத்தில் நின்றது ஒரு கல்லூரிப் பையன். ஓடி வந்து தூக்கிவிட்டான், தண்ணீர் கொடுத்தான், "ஓகேவா?" என்று கேட்டான். அவளும் ஓகே என்றிருக்கிறாள். திரும்பிப் போயிருந்த ஹேண்டில்பாரை அவனே நேராக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். நல்ல பையன், என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இடது காறை எலும்பு உடைந்த நிலையில், ஒற்றைக் கையால் இன்னும் 6 கிலோமீட்டர் ஓட்டி முடித்தாள் என் மகள்.

முடிவுக் கோட்டில் நான் நின்றிருந்தேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா, ரேஸ் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சொன்னேன். அஞ்சு நிமிஷத்துக்குள் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்டாள். அந்த 6 கிலோமீட்டர் இன்றுவரை அவளுக்கு நினைவில் இல்லை.

ஆம்புலன்ஸ் என்று அங்கே நின்றது ஸ்ட்ரெச்சர் போட்ட ஒரு வேன். உள்ளே நர்ஸ் இல்லை, கழுத்துப் பட்டையும் இல்லை. 108-க்கு அழைத்தால், அந்த மண்பாதைக்கு வழி சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பைக்குகள் ஏற்றி வந்த ஒரு டெம்போவில்தான் கொண்டு போனோம். முதலில் போன மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் ஸ்கேன் என்றார்கள். அவசரச் சிகிச்சை தருவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அந்த நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

எலும்புக்குப் பிளேட் வைத்தாயிற்று, அது சேர்ந்துவிடும். தலைதான் பயமாக இருக்கிறது. ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை, ஆனால் டியூப் லைட் வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். ஒரு பக்கம் படித்தால் தலைவலி. இன்டர்னல் தேர்வு எழுதவில்லை. அவள் அம்மாதான் தலை வாரிவிடுகிறாள். மயக்கம் போடாவிட்டாலும் மூளை அதிர்ந்திருக்கலாம், அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அந்த 6 கிலோமீட்டரில் இன்னொரு முறை விழுந்திருந்தால் என்ற நினைப்பில் இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை, ஐயா.

அவள் ஹெல்மெட் என் கடையில்தான் இருக்கிறது. வெளியே இரண்டு கீறல், அவ்வளவுதான். உள்ளே விரல் விட்டுப் பார்த்தால் தெர்மாகோல் மாதிரியான அந்த நுரை மேலிருந்து கீழ் வரை பிளந்திருக்கிறது. ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் அத்தோடு முடிந்தது, மறுபடி போடக் கூடாது. அன்று அதே ஹெல்மெட்டோடுதான் அவளை அனுப்பினார்கள். அழைத்தால் கொண்டு வந்து காட்டுகிறேன்.

இது 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே சேர்ந்துவிட்ட விளையாட்டு. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே வீரரைப் பந்தயத்திலிருந்து நிறுத்த வேண்டும் என்ற நடைமுறையை உலக சைக்கிள் சம்மேளனம் 2021-ல் கொண்டு வந்தது. நம் ஊர்ப் பந்தயங்களுக்கும் அது வேண்டும். அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு அமைப்பாளரிடமும், தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு ஓட்ட விடமாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். ஆபத்தான இறக்கங்களில் நிற்பவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்திருக்க வேண்டும். இது எந்த இடம், எத்தனையாவது சுற்று என்று நாலு கேள்வி கேட்டாலே என் மகள் மாட்டியிருப்பாள். அப்புறம், நர்ஸோடு உண்மையான ஆம்புலன்ஸ், அது பாதைக்குள் வந்து போக வழி, பக்கத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல். நுழைவுக் கட்டணத்திலேயே விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். எங்களிடம் வாங்கியது ‘எல்லாம் என் பொறுப்பு’ என்ற கையெழுத்து மட்டும்தான்.

எனக்கு நஷ்டஈடு வேண்டாம். அடுத்த சீசன் பந்தயங்களுக்கு அனுமதி தரும் முன் இதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, ஹெல்மெட்டின் படங்கள், இம்மனுவின் கன்னட மொழிபெயர்ப்பு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
ஸ்ரீராமபுரம், பெங்களூரு